கன்ட்ரோலர் பட்டனில் கீபோர்டு கீயை அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள் யாராவது புதிதாக கேம் கன்ட்ரோலர் வாங்கினால் இரண்டு நாளில் எனக்கு ஃபோன் வந்துவிடும். கேட்கும் ஆள் மாறினாலும் சந்தேகம் பெரும்பாலும் அதேதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விண்டோஸ் கணினியை மனதில் வைத்து எழுதியது இது, லினக்ஸுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி உண்டு. உதாரணத்துக்கு மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பை எடுத்துக்கொண்டேன். அதற்குள் கன்ட்ரோலர் வசதியே கிடையாது, என்னிடம் அதிகம் பேர் கேட்டதும் அதைப் பற்றித்தான்.

கன்ட்ரோலரைச் சொருகினேன், கேம் கண்டுக்கவே இல்ல. கன்ட்ரோலர் போச்சா?

பெரும்பாலும் இல்லை. கேமை எழுதியவர்கள் கன்ட்ரோலரைப் படிக்கும் வசதியை உள்ளே வைக்காவிட்டால், எவ்வளவு நல்ல கன்ட்ரோலராக இருந்தாலும் அந்தக் கேமுக்கு அது இருப்பதே தெரியாது. கடைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போவதற்கு முன் விண்டோஸுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் கீயோடு ஆர் கீயைச் சேர்த்து அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் ஜாய்.சிபிஎல் என்று ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டினால் கன்ட்ரோலர்களின் பட்டியல் வரும். அதில் உங்களுடையதைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய் ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். திரையில் சிவப்பு வட்டம் எரிந்தால் கன்ட்ரோலர் நன்றாக இருக்கிறது.

மேப்பிங் பண்ணா கன்ட்ரோலரே கீபோர்டா மாறிடுமா?

மாறாது. மேப்பிங் என்றால் எந்தப் பட்டனுக்கு எந்தக் கீ என்று சொல்லி வைப்பது. நடுவில் ஒரு சாஃப்ட்வேர் உட்கார்ந்துகொண்டு நீங்கள் எந்தப் பட்டனை அழுத்துகிறீர்கள் என்று பார்க்கும், அதற்கு நீங்கள் சொல்லி வைத்திருக்கும் கீயை அழுத்தியதாக விண்டோஸிடம் சொல்லும். கேமைப் பொறுத்தவரை யாரோ கீபோர்டில் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். அதனால் கீபோர்டு, மவுஸை வைத்து விளையாட முடிகிற ஏறக்குறைய எந்தக் கேமையும் இப்படி விளையாடலாம். அந்தச் சாஃப்ட்வேரைக் கீழே மேப்பர் என்றே சொல்கிறேன்.

எந்த மேப்பர் நல்லது? காசு கொடுக்கணுமா?

வேண்டாம். ஆன்டிமைக்ரோஎக்ஸ் இலவசம், திறந்த மூல மென்பொருள், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஆன்டிமைக்ரோ என்று முன்பு இருந்ததன் வாரிசு இது. ஜாய்டுகீ ஜப்பானிலிருந்து வருவது, பல வருடமாக இருக்கிறது, மிகச் சின்னது, பழைய கணினியிலும் சுமையாக இருக்காது. லைசென்ஸ் வாங்காமலும் பயன்படுத்தலாம். உங்களிடம் ஸ்டீம் (கணினி கேம்களை வாங்கித் திறக்கும் மென்பொருள்) இருந்தால் அதற்குள்ளேயே ஸ்டீம் இன்புட் என்ற மேப்பர் இருக்கிறது, ஸ்டீமில் வாங்காத கேமையும் லைப்ரரியில் சேர்த்து அதன் வழியாகத் திறக்கலாம்.

எக்ஸ்பேடர், ரீவாஸ்டி இரண்டும் காசு கொடுத்து வாங்குபவை. முதல் நாளே அதற்குப் போக வேண்டியதில்லை, ஆன்டிமைக்ரோஎக்ஸில் ஆரம்பியுங்கள். எதுவானாலும் அதை எழுதியவர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள். உங்கள் கீபோர்டின் பெயரில் கீ தட்டும் வேலையை ஒரு சாஃப்ட்வேரிடம் ஒப்படைக்கிறீர்கள், கண்ட இடத்திலிருந்து எடுத்த நகல் வேண்டவே வேண்டாம்.

சரி, முதல் தடவை எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

ஆன்டிமைக்ரோஎக்ஸைத் திறந்து வைத்துவிட்டு கன்ட்ரோலரில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள், திரையில் அதற்கான கட்டம் நிறம் மாறும். அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்தால் ஒரு கீபோர்டு படம் விரியும், வேண்டிய கீயைத் தொட்டால் முடிந்தது. ஒரே மூச்சில் எல்லாப் பட்டனுக்கும் அமைத்துவிட்டுக் கேமுக்குள் ஓடாதீர்கள். ஏ பட்டனுக்கு ஸ்பேஸ் மட்டும் வைத்துவிட்டு, நோட்பேடைத் திறந்து, அதை அழுத்தினால் இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள்.

இதில் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்றுதான். பட்டன் அழுத்தத்தை நான்கு படியாகச் சோதித்துப் பாருங்கள்: விண்டோஸ், மேப்பர், நோட்பேடு, கேம். விண்டோஸில் சிவப்பு வட்டம், மேப்பரில் நிறம் மாறும் கட்டம், நோட்பேடில் எழுத்து, கடைசியில் கேம். எந்தப் படியில் நின்றுபோகிறது என்று தெரிந்துவிட்டால் கோளாறு பாதி சரியான மாதிரி. "வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது, "நோட்பேடு வரைக்கும் வருது" என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் காரணம் சொல்லிவிடலாம்.

எந்தப் பட்டனுக்கு எந்தக் கீ வைக்கிறதுன்னே தெரியல, நீங்க எப்படி வச்சிருக்கீங்க?

கேமைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் கீகளை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியவை, தட்டிவிட்டு விட வேண்டியவை. பிடித்துக்கொண்டிருக்க வேண்டியவை எல்லாம் ட்ரிகர் (ஆட்காட்டி விரல் இழுக்கும் விசை), தோள் பட்டன் (அதற்கு மேலே இருப்பது), ஸ்டிக்கை உள்ளே அழுத்துவது ஆகியவற்றுக்குப் போக வேண்டும். காரணம் கட்டைவிரல்தான். வலது கட்டைவிரல் ஏ, பி, எக்ஸ், ஒய் பட்டன்களுக்கு இறங்கினால் அந்த நேரம் வலது ஸ்டிக்கை விட்டுவிடும், அதாவது சுற்றிப் பார்ப்பது நின்றுவிடும்.

மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு நான் வைத்திருப்பது இது. இடது ஸ்டிக் நடக்க, அதாவது டபிள்யூ, ஏ, எஸ், டி கீகள். வலது ஸ்டிக் மவுஸ். வலது ட்ரிகர் இடது கிளிக், வெட்டவும் அடிக்கவும். இடது ட்ரிகர் வலது கிளிக், கட்டை வைக்கவும் கதவு திறக்கவும். ஏ பட்டனில் ஸ்பேஸ், குதிக்க. இடது ஸ்டிக்கை அழுத்தினால் இடது கன்ட்ரோல் கீ, ஓட. வலது ஸ்டிக்கை அழுத்தினால் இடது ஷிஃப்ட், பதுங்க. இரண்டு தோள் பட்டனும் மவுஸ் சக்கரம் மேலும் கீழும், கையில் இருக்கும் பொருளை மாற்ற. ஒய் பட்டனில் இ கீ, சரக்குப் பெட்டி திறக்க. ஸ்டார்ட்டில் எஸ்கேப்.

பொருளைக் கீழே போடும் க்யூ கீயை மட்டும் டி-பேடின் (கூட்டல் குறி மாதிரி இருக்கும் திசைப் பட்டன்) கீழ்ப்பக்கத்தில் வைத்தேன், சண்டை நடுவில் கை தவறி வாளைக் கீழே போட்டுவிடக் கூடாது என்பதற்காக. ட்ரிகர், தோள் பட்டன், ஏ, ஒய் எல்லாம் அதே கேமின் பெட்ராக் பதிப்பு எக்ஸ்பாக்ஸில் இருக்கும் வரிசைதான், அதை விளையாடியவர்களுக்குக் கை தானாகப் போகும்.

மவுஸை வலது ஸ்டிக்ல வச்சேன், குறி வைக்கவே முடியல. என்ன பண்றது?

மவுஸும் ஸ்டிக்கும் அடிப்படையிலேயே வேறு. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் பார்வை அதற்கேற்ற தூரம் திரும்பி நின்றுவிடும், அதாவது மவுஸ் சொல்வது தூரம். ஸ்டிக் சொல்வது வேகம்: சாய்த்திருக்கும் வரை திரும்பிக்கொண்டே இருக்கும். மேப்பர் அந்த வேகத்தைச் சின்னச் சின்ன மவுஸ் அசைவுகளாக உடைத்து அனுப்புகிறது. கன்ட்ரோலருக்காகவே எழுதிய கேம்களில் குறியை லேசாக எதிரி பக்கம் இழுத்து உதவுவார்கள், இங்கே கேமுக்கு நீங்கள் மவுஸ் பிடித்திருப்பதாக நினைப்பு, அந்த உதவி கிடைக்காது.

முதலில் கேமுக்குள் இருக்கும் மவுஸ் சென்சிட்டிவிட்டியைத் தொடாதீர்கள், மேப்பரில் மவுஸ் வேகத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள். அடுத்தது வளைவு: ஸ்டிக்கைக் கொஞ்சம் சாய்த்தால் மிக மெதுவாகவும் முழுதாகச் சாய்த்தால் வேகமாகவும் போகும்படி ஒரு வளைவைத் தேர்ந்தெடுக்கலாம். நேர்க்கோட்டு அமைப்பில் தடுமாறிய பலருக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

உங்களுடையது ப்ளேஸ்டேஷனின் டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் அல்லது நின்டெண்டோவின் ஸ்விட்ச் ப்ரோ என்றால் கன்ட்ரோலரைச் சாய்ப்பதையும் திருப்புவதையும் உணரும் ஜைரோ சென்சார் உள்ளே இருக்கிறது. ஸ்டீம் இன்புட்டில் அதை மவுஸாக அமைத்துப் பாருங்கள். பெரிய திருப்பத்துக்கு ஸ்டிக், கடைசி நுனித் திருத்தத்துக்குக் கையை லேசாகச் சாய்ப்பது. பழக ஒரு வாரம் ஆகும், பழகிய பிறகு விடவே மனம் வராது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஜைரோ கிடையாது.

மைன்கிராஃப்டுக்குத் தனியா மாட் இருக்காமே, அப்போ எதுக்கு மேப்பர்?

நியாயமான கேள்வி. மாட் என்பது கேமில் மற்றவர்கள் எழுதிச் சேர்க்கும் கூடுதல் பகுதி. கன்ட்ரோலிஃபை, கன்ட்ரோலபிள் என்ற மாட்கள் ஜாவா பதிப்புக்கு உண்மையான கன்ட்ரோலர் வசதியைக் கொண்டுவருகின்றன, மாட் போடத் தெரிந்தவர்களுக்கு அதுதான் நல்ல வழி, மெனுவில் நகர்வதுகூட எளிதாக இருக்கும். மாட் போட விரும்பாதவர்களுக்கும், அப்படி மாட் எதுவும் இல்லாத பழைய கேம்களுக்கும்தான் மேப்பர்.

ஸ்டிக்கைத் தொடவே இல்ல, ஆள் தானா நடந்துகிட்டே போறான்!

ஸ்டிக் சரியாக நடுவுக்குத் திரும்பவில்லை. சாதாரண ஸ்டிக்கின் உள்ளே ஒரு தடத்தின் மேல் சின்ன உலோக முனை உரசிக்கொண்டே இருக்கும், நாளாக ஆகத் தேயும், நடு நிலை லேசாக நகர்ந்துவிடும். கேமில் அது தெரியாமல் போகலாம், ஆனால் மேப்பர் அந்தச் சின்ன நகர்வையும் டபிள்யூ கீயை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும்.

மேப்பரில் டெட்ஸோன் என்று ஓர் அளவு இருக்கும், நடுவில் இந்த வட்டத்துக்குள் என்ன அசைந்தாலும் கண்டுகொள்ளாதே என்று பொருள். எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரில் ஸ்டிக் ஒரு பக்கத்துக்கு 32767 வரை எண் கொடுக்கும். மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் டெட்ஸோன் இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689, அதாவது ஏறக்குறைய கால் பங்கு. அதில் ஆரம்பித்து, ஆள் நிற்கும் வரை ஏற்றுங்கள். பாதிக்கு மேல் ஏற்ற வேண்டி வந்தால் ஸ்டிக்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அடுத்து வாங்கும்போது ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதைப் பாருங்கள், காந்தத்தை வைத்து அளப்பதால் உரசலே இல்லை.

ரேஸ் கேம்ல ட்ரிகரைப் பாதி அழுத்தினாலும் கார் முழு வேகத்துல பறக்குது, ஏன்?

கீபோர்டு கீக்கு இரண்டே நிலை, அழுத்தியது அல்லது அழுத்தாதது. ட்ரிகர் 0 முதல் 255 வரை அளவு சொன்னாலும் மேப்பர் ஒரு கோட்டைத் தாண்டியதும் கீயை அழுத்திவிடும் (மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் கோடு 30, அதனால்தான் தொட்டதும் பறக்கிறது). அந்தக் கோட்டை 120 பக்கம் தள்ளி வைத்தால் தவறுதலாக அழுத்துவது குறையும், ஆனால் பாதி வேகம் வராது.

கேமுக்குள் கன்ட்ரோலர் வசதி ஏற்கெனவே இருந்து, உங்கள் கன்ட்ரோலர் பழைய வகை என்பதால் மட்டும் அது எடுத்துக்கொள்ளவில்லை என்றால், கீ மேப்பிங்கே தவறான மருந்து. எக்ஸ்360சிஇ மாதிரியான ஒன்றை வைத்து அதை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராகக் காட்டுங்கள், ஸ்டிக், ட்ரிகர் அளவெல்லாம் அப்படியே கேமுக்குப் போகும்.

நோட்பேட்ல எழுத்து வருது, கேம்ல மட்டும் வரல.

நான்காவது படியில் நிற்கிறது என்று அர்த்தம். முதல் சந்தேகம் எப்போதும் அட்மின் உரிமை. 2007இல் வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: சாதாரண உரிமையோடு ஓடும் ஒரு சாஃப்ட்வேர், அட்மின் உரிமையோடு ஓடும் இன்னொன்றுக்குக் கீ அழுத்தம் அனுப்ப முடியாது. பிழைச் செய்தி எதுவும் வராது, கீ சத்தமில்லாமல் தொலைந்துபோகும். மேப்பர் ஐகானில் வலது கிளிக் செய்து அட்மினாகத் திறந்து பாருங்கள், என் அனுபவத்தில் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

அப்போதும் வரவில்லை என்றால், கீக்கு விண்டோஸ் வைத்திருக்கும் குறியீட்டைப் பார்க்காமல் கீபோர்டு வன்பொருள் அனுப்பும் ஸ்கேன் கோடை மட்டும் பார்க்கும் கேம்கள் உண்டு. பழைய கேம்களில் இது சகஜம். உங்கள் மேப்பரில் கீயை அனுப்பும் முறையை மாற்றும் வசதி இருந்தால் மாற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் மேப்பரையே மாற்றுங்கள்.

நோட்பேட்ல டபிள்யூ வரவேண்டிய இடத்துல 'ஈ' வருது!

உங்கள் கணினியில் தமிழ் 99 ஆனில் இருக்கிறது. டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் அதில் ஈ, அ, இ, உ. மேப்பர் சரியாகத்தான் அனுப்புகிறது, நடுவில் தமிழ் எழுதும் சாஃப்ட்வேர் பிடித்து மாற்றிவிடுகிறது. தமிழில் தட்டச்சு செய்பவர்கள் வீட்டில் மட்டுமே வரும் சிக்கல் என்பதால் வேறெங்கும் பதில் தேடியும் கிடைக்காமல் ஒருவர் இரண்டு நாள் திணறினார். விளையாடும் முன் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும், தனியாக நிறுவிய தமிழ் எழுதியாக இருந்தால் அதன் சொந்தக் குறுக்கு விசையால் நிறுத்த வேண்டும்.

ஒரு தடவை அழுத்தினா ரெண்டு வேலை நடக்குது.

கன்ட்ரோலரை இரண்டு பேர் படிக்கிறார்கள். கேமுக்குள்ளேயே கன்ட்ரோலர் வசதி இருந்து, மேலே மேப்பரும் ஓடினால், ஏ பட்டனைக் கேம் தன் கணக்கில் ஒருமுறையும் மேப்பர் அனுப்பும் ஸ்பேஸை இன்னொரு முறையும் எடுத்துக்கொள்ளும். கேம் அமைப்பில் கன்ட்ரோலரை அணைத்துவிடுங்கள். அப்படி ஒரு தேர்வே இல்லாத கேம் என்றால் ஹிட்ஹைட் என்ற இலவசக் கருவியால் கன்ட்ரோலரை மேப்பர் தவிர மற்ற எதன் கண்ணிலும் படாமல் மறைக்கலாம்.

இன்னொரு ஆள் ஸ்டீம். பின்னணியில் திறந்திருந்தாலே அதன் டெஸ்க்டாப் லேஅவுட் ஸ்டிக்கை மவுஸாக மாற்றிக்கொண்டிருக்கலாம். "கன்ட்ரோலரைத் தொட்டா மவுஸ் நகருது, வைரஸா?" என்று பயந்தவர்கள் உண்டு. ஸ்டீமை முழுதாக மூடுங்கள், அல்லது கன்ட்ரோலர் அமைப்பில் அந்த லேஅவுட்டை அணையுங்கள். எந்த நேரத்திலும் ஒரு மேப்பர்தான் ஓட வேண்டும்.

பட்டன் பத்தலையே, கேம்ல முப்பது கீ இருக்கு?

அடுக்கு வையுங்கள். கீபோர்டில் ஷிஃப்டைப் பிடித்தால் மற்ற கீகள் வேறாவது மாதிரி, இடது தோள் பட்டனைப் பிடித்திருக்கும்போது மற்ற பட்டன்களுக்கு வேறு கீ. ஆன்டிமைக்ரோஎக்ஸில் செட் என்று பெயர், எட்டு வரை வைக்கலாம். நடைமுறையில் இரண்டுக்கு மேல் நினைவில் நிற்காது, இரண்டே போதும்.

கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டாம் அடுக்கில் ஒரு பட்டனை அழுத்தியபடியே தோள் பட்டனை முதலில் விட்டுவிட்டால் சில மேப்பர்களில் அந்தக் கீ அழுத்தியபடியே மாட்டிக்கொள்ளும். ஆள் ஒரே பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கீயைக் கீபோர்டில் ஒருமுறை தட்டுங்கள், விடுபடும். அதனால்தான் நடப்பது, ஓடுவது எல்லாம் எந்த அடுக்கிலும் மாறாமல் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று சொல்கிறேன், தட்டிவிட்டு விடும் கீகளை மட்டும் இரண்டாம் அடுக்குக்குத் தள்ளுங்கள்.

ஃப்ரெண்டோட ப்ரொஃபைலை அப்படியே போட்டேன், எல்லாமே தாறுமாறா இருக்கு.

ப்ரொஃபைல் என்பது மேப்பரில் சேமித்து வைத்த பட்டன் அமைப்பு. மேப்பருக்குப் பட்டன் என்பது பெயர் இல்லை, பல நேரம் எண்தான். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஒன்றாம் எண் கீழே இருக்கும் ஏ பட்டன். டூயல்ஷாக் 4இல் ஒன்றாம் எண் இடப்பக்கச் சதுரம், கீழே இருக்கும் பெருக்கல் குறி இரண்டாம் எண். டூயல்ஷாக்கின் ட்ரிகர்களுக்கு 7, 8 என்று எண் உண்டு, எக்ஸ்பாக்ஸில் அதே 7, 8 பேக், ஸ்டார்ட். நண்பனின் குதி உங்களுடைய அடி ஆனது இப்படித்தான்.

ஒரே கன்ட்ரோலர்கூட இரண்டு விதமாகத் தெரியலாம். விண்டோஸில் கன்ட்ரோலரைப் படிக்க எக்ஸ்இன்புட், டைரக்ட்இன்புட் என்று இரண்டு முறைகள் உண்டு, இரண்டுக்கும் இடையே மாற்றும் பட்டன் விலை குறைந்த பல கன்ட்ரோலர்களில் இருக்கிறது, தெரியாமல் அழுத்திவிட்டால் எண்கள் மாறிவிடும். நடுவில் அனலாக் என்று எழுதிச் சிவப்பு விளக்கு எரியும் பழைய யூஎஸ்பி வகை என்றால் அந்த விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். அணைந்திருந்தால் பலவற்றில் டி-பேடு ஸ்டிக் மாதிரியும் வலது ஸ்டிக் நான்கு பட்டன் மாதிரியும் தெரியும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை டைரக்ட்இன்புட் வழியாகப் படித்தால் இரண்டு ட்ரிகரும் ஒரே அச்சில் எதிரெதிராக உட்காரும், சேர்த்து அழுத்தினால் ஒன்றையொன்று அடித்துவிட்டு எதுவுமே அழுத்தாத மாதிரி காட்டும். எக்ஸ்இன்புட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

நடுவுல இருக்கிற எக்ஸ்பாக்ஸ் பட்டனுக்குக் கீ வைக்கலாமா?

வைக்காமல் விடுவது நல்லது. விண்டோஸ் அதைத் தன் கேம் பாருக்கு (கேமின் மேல் விரியும் விண்டோஸின் பலகை) வைத்துக்கொள்கிறது, எக்ஸ்இன்புட்டின் வழக்கமான வழியில் அது மேப்பருக்குத் தெரிவதும் இல்லை. விளையாடும்போது கேம் பார் வந்து தொந்தரவு செய்தால் விண்டோஸ் அமைப்புகளில் கேமிங் பகுதிக்குள் அதை அணைக்கலாம்.

லினக்ஸ்ல வேலை செய்யுமா?

செய்யும். பட்டன் நிறம் மாறுகிறது ஆனால் கீ போகவில்லை என்றால் யூஇன்புட் என்ற சாதனக் கோப்பில் எழுத உங்கள் கணக்குக்கு அனுமதி இல்லை என்று அர்த்தம். ஆன்டிமைக்ரோஎக்ஸை ஃப்ளாட்பேக் என்ற தொகுப்பாக நிறுவியவர்களுக்கு இது வரும், அந்த அனுமதியைக் கொடுக்கும் யூடெவ் விதியைக் கையால் சேர்க்க வேண்டும். வேலாண்டு என்ற திரை அமைப்பைப் பயன்படுத்துபவர்கள் கீ அனுப்பும் முறையாக யூஇன்புட்டையே தேர்ந்தெடுங்கள், இன்னொரு முறையான எக்ஸ்டெஸ்ட் அங்கே சரிவராது.

ஆன்லைன் கேம்ல மேப்பர் போட்டா பேன் பண்ணிடுவாங்களா?

கேமைப் பொறுத்தது, அந்தக் கேமின் விதிமுறையைப் படிக்காமல் கணக்கைப் பணயம் வைக்காதீர்கள். மேப்பர் அனுப்பும் கீ உண்மையான கீபோர்டிலிருந்து வரவில்லை என்ற அடையாளத்தை விண்டோஸே அதன்மேல் ஒட்டி அனுப்புகிறது, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளால் அதைப் பார்க்க முடியும், சில கேம்கள் அப்படிப்பட்ட கீயை எடுத்துக்கொள்ளவே மாட்டா.

ஒரு பட்டனுக்கு ஒரு கீ என்பது வேறு, ஒரு பட்டனைத் தொட்டால் ஐந்து கீ வரிசையாக மின்னல் வேகத்தில் ஓடும் மேக்ரோ வேறு. எதிரே விளையாடுபவரும் ஒரு மனிதர். தனியாக விளையாடும் கேமில் என்ன வேண்டுமானாலும் வையுங்கள், போட்டி ஆட்டத்தில் மேக்ரோவும், பட்டனைப் பிடித்தாலே கீயைத் திரும்பத் திரும்பத் தட்டும் டர்போவும் வேண்டாம்.

கேம் விளையாடாதவங்களுக்கு இதுல ஏதாவது உபயோகம் இருக்கா?

நிறைய. படம் வரைகிறவர்கள் இடது கையில் சின்னக் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு பிரஷ் அளவு, பின்வாங்கும் கன்ட்ரோல்-இசட் போன்றவற்றை அதில் வைத்திருக்கிறார்கள். ஸ்லைடு காட்டுகிறவர்களுக்குப் பேஜ் டவுன், பேஜ் அப் இரண்டு பட்டன் போதும். கட்டிலிலிருந்து படம் பார்க்க ஸ்பேஸும் அம்புக்குறிகளும்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு விபத்துக்குப் பிறகு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது, கீபோர்டில் மூன்று கீ சேர்த்து அழுத்துவது அவருக்கு வேதனை. அவர் அலுவலகத்தில் அடிக்கடி தேவைப்படும் பன்னிரண்டு குறுக்கு விசைகளை ஒரு சாதாரண யூஎஸ்பி கன்ட்ரோலரில் வைத்துக் கொடுத்தோம், இடது கையால் அழுத்துகிறார். கன்ட்ரோலரையே பிடிக்க முடியாதவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2018இல் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் இருக்கிறது. அதன் பின்பக்கம் 3.5 மி.மீ. துளைகள் 19, காலால் மிதிக்கிற, முழங்கையால் தட்டுகிற பெரிய ஸ்விட்சுகளை அதில் சொருகலாம். கணினிக்கு அது சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராகவே தெரியும், அதனால் மேலே சொன்ன நான்கு படிச் சோதனையும் அடுக்குகளும் அதற்கும் அப்படியே பொருந்தும். அவர்களுக்கு அமைக்கும்போது அடுக்கு மாற்றும் பட்டனைப் பிடித்திருக்கத் தேவையில்லாமல் ஒருமுறை தட்டினால் மாறும்படி வையுங்கள்.